இருபது வளைவுக்கான மூட்டை

மூங்கில்தொரை எஸ்டேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் பஸ் மூக்கைத் திருப்பி முடிப்பதற்குள் மடியில் இருக்கும் மலைப்பிள்ளைக்கு ஆறு மாத வயது கூடிவிடும், ஏறி வரும்போது அதே வளைவுகளில் அதே ஆறு மாதம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். பெருமழையில் பழைய சாலை சரிந்து, புதுச்சாலை வெட்டித் திறந்த நாளிலிருந்து இப்படித்தான். ஏன் என்று முதல் இரண்டு வருஷம் கேட்டார்கள். என்ஜினீயர் ஒருவர் வந்து வளைவுக்கு வளைவு டேப் பிடித்து அளந்து, அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேட்க யாருக்கும் பொழுதில்லை, தேயிலை கொழுந்து விட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவே ஜனங்கள் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளப் பழகினார்கள். ஐந்து வயது நிறையாத பிள்ளைகளைத்தான் அந்தச் சாலை தொடும், பெரியவர்களை விட்டுவிடும். மேலே கைப்பிள்ளையாக ஏறினது கீழே பத்து வயது கூடி, கையும் காலும் நீண்டு, தானே படியில் குதித்து இறங்கும். கண்டக்டர் முருகவேல் பாதி மலை இறங்கியதும் எழுந்து வந்து, "இப்ப அஞ்சு தாண்டிருச்சு தாயி" என்று அரை டிக்கெட் கிழிப்பார், யாரும் சண்டை போடமாட்டார்கள். கீழே ஆஸ்பத்திரிச் சீட்டில் மேல் வயது, கீழ் வயது என்று இரண்டு கட்டம் போட்டு அச்சடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ வந்தது. அங்கே பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்து, மேலே கொண்டுவந்து, மறுபடி கைப்பிள்ளையாகிவிட்ட அதே பிள்ளையின் தொட்டிலுக்கு மேல் மாட்டிவைப்பார்கள், வருகிறவர்கள் போட்டோவையும் தொட்டிலையும் மாறிமாறிப் பார்த்து மூக்கு அப்பனைக் கொண்டிருக்கிறது என்பார்கள். லயன் என்கிற வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பொதுவாக வளைவு மூட்டை என்று ஒன்று இருந்தது. அதில் ஆறு மாத அளவிலிருந்து பன்னிரண்டு வயது அளவுவரை படிப்படியாக இருபது ஜோடித் துணி இருக்கும், கீழே போகிற வீடு வாங்கிக்கொண்டு போய், துவைத்துத் திருப்பித் தரும்.

ஒரே ஒரு விதி இருந்தது. இறங்கின பிள்ளை பன்னிரண்டு நாளைக்குள் மலை ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் வந்த வயது உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை வளைவு ஏறினாலும் கழலாது.

அப்படி ஒட்டிப்போனது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான், எட்டாம் நம்பர் வீட்டுப் பேச்சியம்மாளின் மகள் மலர்க்கொடிக்கு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக ஒன்றரை வயதில் இறங்கினவள், கீழே பதினொன்றரை வயதுப் பெண்ணாக நின்றுகொண்டு, திரும்பும் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடி நான் பேச்சில்லாமப் போகணுமா?" என்று அவள் கேட்டாள். பதின்மூன்றாம் நாள் பேச்சியம்மாள் தனியாக ஏறி வந்தாள். அந்தப் பெரிய அளவுத் துணிகள் மகளோடு போய்விட்டதால் வளைவு மூட்டை பாதியாகிவிட்டது, அதன்பிறகு அதை நிரப்ப யாரும் அவசரப்படவில்லை. பிள்ளைகளை மலையிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று லயனே முடிவுகட்டிவிட்டது.

இந்த நிலைமையில்தான் செசிலியின் மகன் பிரிட்டோ பத்து மாதத்தில் அழ ஆரம்பித்தான்.

செசிலி கொழுந்து பறிக்கிறவள், கணவன் சூசை தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவன், மூத்தவள் ஸ்டெல்லாவுக்கு இரண்டரை வயது. பிரிட்டோ சும்மா சிரித்துக்கொண்டிருப்பான், திடீரென்று முழங்காலை மடக்கி, முகம் கறுத்து, கேட்கிறவர்கள் கையிலிருப்பதைக் கீழே போடும்படி ஒரு குரல் எடுப்பான், அரைமணி நேரத்தில் அடங்கி வியர்த்துக் கிடப்பான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், வசம்பு சுட்டுக் கொடுத்தார்கள், கோயிலில் மந்திரித்தார்கள், மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இரண்டு மாதத்தில் பிள்ளை பாதியாகிப்போனான். எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த லீலாம்மா சிஸ்டர் அவனை நாலு தடவை தடவிப்பார்த்து, காதைப் பார்த்து, வயிற்றைத் தட்டிப்பார்த்து, கடைசியில் கையை விரித்தார்.

"காய்ச்சல் இல்ல, காது சுத்தம், வயிறு மெத்துன்னு இருக்கு. எங்க நோவுதுன்னு சொல்ல ஒரு வாய் இருந்தாத் தேவல."

செசிலி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "அப்ப வாய் வாங்கிக் குடுத்துட்டு வரேன் சிஸ்டர்" என்றாள்.

வீட்டில் சூசை ஒத்துக்கொள்ளவில்லை. புதுக்கொழுந்து வருகிற மாசம், பாய்லரை விட்டு அவனால் அசைய முடியாது. அவள் இறங்கினால் இரண்டு பிள்ளைகளையும் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

"கீழ இறங்கினதும் அவன் உன் பேச்சைக் கேக்கணும்னு என்ன புள்ள இருக்கு? பேச்சியக்கா மக கேட்டுச்சா?"

"கேக்காட்டிப் போகட்டும்ங்க. உசுரோட இருந்துக்கிட்டுக் கேக்காம இருக்கட்டும்."

"ஸ்டெல்லாவையாவது விட்டுட்டுப் போ."

"அவ இங்க இருந்தா உங்களுக்குப் பாரம். கீழ போனா எனக்குத் துணை. பன்னெண்டரை வயசுப் பொண்ணுங்க, ஆஸ்பத்திரியில சுடுதண்ணி வாங்க எனக்கு யார் இருக்கா?"

சூசை பரண்மேல் இருந்த பெரிய பையை இறக்கிக் கொடுத்தான்.

மூட்டையை நிரப்ப நாலு நாள் ஆயிற்று. சின்ன அளவுத் துணி ஏழு ஜோடிதான் மிச்சம் இருந்தது, அதிலும் இரண்டு பொத்தான் அறுந்தது. செசிலி வேலை விட்டு வந்து ஒவ்வொரு வாசலாக ஏறினாள். மூன்றாம் நம்பரில் நாலு வயசுச் சட்டை கிடைத்தது, டிரைவர் வீட்டில் ஆறு வயசு நிஜார், வாட்ச்மேன் வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை ஒன்று. பத்து வயசுக்கு மேலே எதுவும் அகப்படாததால் சூசையின் காக்கிச் சட்டையைக் கையும் நீளமும் வெட்டித் தைத்தாள். ஸ்டெல்லாவுக்குத் தன் கல்யாணத்துக்கு முந்தைய தாவணிப் பாவாடையை எடுத்து இடுப்பில் மடிப்பு வைத்தாள், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மடிப்பு பிரிக்கிற மாதிரி. சாப்பாட்டுக்கும் அதே கணக்கு. இரண்டாம் வளைவுவரை தாய்ப்பால் போதும், மூன்றாவதில் மறந்துவிடுவான், அதற்குக் குழைத்த பருப்புச் சோறு. ஆறாவதில் இட்லி, பத்துக்குப் பிறகு இரண்டுக்கும் யானைப் பசி வந்துவிடும், அதற்குத் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. வாந்திக்கு எலுமிச்சம்பழம், பழைய துணி, பிளாஸ்டிக் பை ஒரு கட்டு.

கடைசியாக எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போனாள். பேச்சியம்மாள் வாசலில் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"பெரிய அளவுல ஏதாச்சும் இருக்காக்கா?"

"இருந்ததெல்லாம் அவ போட்டுட்டே நின்னுட்டா." பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போகாத செசிலி. கீழ இறங்கினா அது நம்ம புள்ள இல்ல. அதுக்குன்னு ஒரு மனசு வந்துரும்."

"மனசு இப்பவும் இருக்குக்கா. வெளிய சொல்ல வழி இல்லாமக் கிடந்து கத்துது."

பேச்சியம்மாள் கயிற்றை இழுத்து இறுக்கினாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் செசிலி ஏறினாள். மடியில் பிரிட்டோ, பக்கத்தில் ஸ்டெல்லா, காலடியில் மூட்டை. முருகவேல் பார்த்ததுமே பின்சீட்டுப் பக்கம் ஒரு போர்வையைக் கம்பியில் கட்டிக்கொடுத்தார். வளைவுக்கு வளைவு டிரைவர் ஒரு நிமிஷம் நிறுத்துவார், ஆண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள், செசிலி ஒரு துணியை உருவி அடுத்ததை மாட்டுவாள். இரண்டாம் வளைவில் பிரிட்டோ அம்மா என்றான். மூன்றாம் வளைவில் பஸ் திரும்பி முடிந்ததும் அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "வலிக்கி" என்றான். செசிலிக்கு அந்த ஒரு சொல்லில் இரண்டு மாசத்து ராத்திரிகளும் திரும்பி வந்தன. ஆனால் நாலாம் வளைவு வந்துகொண்டிருந்தது, கையில் நாலாம் வளைவுச் சட்டை இருந்தது, அதனால் அழாமல் பொத்தான் போட்டாள். ஏழாவதில் ஸ்டெல்லா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பன்னிரண்டாவதில் மூட்டையை அம்மாவிடமிருந்து வாங்கித் தானே எடுத்துக் கொடுத்தாள். இருபதாவது முடிந்தபோது காக்கிச் சட்டை போட்ட ஒரு மெலிந்த பையனும், அம்மாவின் பாவாடை போட்ட ஒரு பெண்ணும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து புளிச்சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, நேரே பையனைப் பார்த்து, "சொல்லுப்பா" என்றார்.

பிறந்ததிலிருந்து காதில் விழுந்ததெல்லாம் வாய்க்காகக் காத்திருந்தது போல அவன் சொன்னான். "முதுகுக்குள்ள இடது பக்கம். விலா முடியிற இடத்துக்குக் கீழ. பால் நிறையக் குடிச்சா அங்க ஏதோ ஊதுது. கீழ இறங்க வழியில்லாம அடைச்சுக்கிட்டு முறுக்கும். அப்புறம் அதுவா விட்டுரும். எல்லாரும் என் வயித்தையே தடவுனாங்க. பின்னாடி யாரும் தொடல."

டாக்டரம்மா பின்னால் தொட்டார். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாய் ஆரம்பத்திலேயே குறுகி இருந்தது, சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு மாசம் தள்ளியிருந்தால் அது செத்துப்போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்யலாம், பதினைந்து நாள் இருக்க வேண்டியிருக்கும்.

"பன்னெண்டாவது நாள் பத்து மணி பஸ்ஸும்மா" என்றாள் செசிலி. "அதுக்குள்ள என்ன முடிக்கணுமோ முடிச்சுக் குடுங்க. நாளைக்கே வெச்சாலும் சரி."

இரண்டாம் நாளே ஆபரேஷன் நடந்தது. கீழே போட்ட தையல் மேலே போனால் என்னவாகும் என்று அவள் கேட்டதற்கு, முன்பு கால் முறிந்து வந்த ஒரு மலைப்பிள்ளைக்கு இங்கே வைத்த எலும்பு அங்கே சின்னதாகி அப்படியே ஒட்டியிருந்ததாக டாக்டரம்மா சொன்னார். செசிலி அதைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா சுடுதண்ணீர் வாங்கிவந்தாள், மருந்துச் சீட்டோடு ஓடினாள், தம்பிக்குத் தலை வாரினாள். ஆனால் இவ்வளவு பெரிய கால் தனக்கு வேண்டாம், செருப்பு கடிக்கிறது, சீக்கிரம் போகலாம் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பிரிட்டோ அப்படி இல்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரரோடு, கூட்டுகிற அம்மாவோடு, ஜன்னலில் வந்த காக்கையோடு பேசினான். செசிலி அவன் குரலைக் கேட்டுக்கொண்டே பன்னிரண்டாம் நாளுக்கு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடி எட்டாம் நாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டூடியோவில்தான் அவள் வேலை செய்தாள், மலைபஸ்ஸில் இறங்குகிற பிள்ளைகளை ஸ்டூலில் உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிடுகிற வேலை. மூங்கில்தொரையிலிருந்து ஒரு அம்மா வந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பன் வாங்கிக்கொண்டு வந்தாள். வளர்ந்த பெண், பேச்சியம்மாளின் அதே அகன்ற நெற்றி. தினமும் வந்தாள். லயனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, செசிலி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

பதினொன்றாம் நாள் தையல் பிரித்தார்கள். சாயங்கால வெயில் வராந்தாவில் விழுந்திருந்தது. பிரிட்டோ சுவரைப் பிடித்து நடந்துவந்து அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மேல போனா இதெல்லாம் போயிருமாம்மா?"

"எதெல்லாம்?"

"இப்படிச் சொல்றது."

செசிலிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயிரும்டா. திரும்ப வரும். மெதுவா வரும்."

"அப்ப வர்றது நானா இருப்பேனா?"

"தெரியல சாமி."

அவன் திரும்பி, சுவரோரம் நின்ற மலர்க்கொடியைப் பார்த்தான். "நீங்க ஏங்க்கா போகல?"

மலர்க்கொடி பன் சுற்றியிருந்த காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "பேச்சு போயிருமேன்னு பயந்துட்டேன். நின்னது தப்புன்னு இன்னைக்கும் சொல்லமாட்டேன் தம்பி. பேச்சு இருக்கு, வேலை இருக்கு, ஸ்டூடியோக்காரம்மா நல்லாப் பாத்துக்கறாங்க. ஆனா சின்ன வயசுல என்ன பண்ணுவேன்னு யாராச்சும் கேட்டா, பஸ்ல வந்தேன்னுதான் சொல்லணும். பத்து வருஷம் எனக்கு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. அங்க கையை விட்டுத் துழாவினா ஒண்ணும் அகப்படல."

செசிலிக்கு அவன் கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது. கைகளை மடிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். "நீ வந்தாலும் என் புள்ளதான், நின்னாலும் என் புள்ளதான். நின்னா, மாசாமாசம் நான் இறங்கி வருவேன். தூக்கிட்டெல்லாம் போகமாட்டேன். நீயாத்தான் ஏறணும்."

பிரிட்டோ பெஞ்சில் அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "நாளைக்கு ஜன்னலோரம் எனக்கு. போற வழியில நான் சொல்றதையெல்லாம் நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். ஒண்ணு விடக்கூடாது."

"விடமாட்டேன்."

காலையில் மலர்க்கொடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று செசிலி கேட்டதற்கு, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுவிட்டு, தன் போட்டோ ஒன்றை மட்டும் கொடுத்தாள்.

பஸ் முதல் திருப்பம் ஏறுவதற்கு முன்பே பிரிட்டோ சொல்ல ஆரம்பித்தான். தொட்டிலை வெளிச்சம் தெரிகிற பக்கம் கட்டச் சொன்னான். விளக்கை அணைத்தால் தனக்குப் பயம் இல்லை, அம்மா பயந்தால்தான் பயம் என்றான். அழுகிறதெல்லாம் வலி என்று நினைக்கக்கூடாது, சில நேரம் யாராவது பார்த்தால் போதும் என்று இருக்கும் என்றான். அப்பா மீசை குத்தும், குத்தினாலும் முத்தம் கொடுக்கச் சொல்ல வேண்டும். லீலாம்மா சிஸ்டர் கை ஜில்லென்று இருக்கும், தேய்த்துவிட்டுத் தொடச் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் தேயிலையிலிருந்து ஒரு வாசனை வரும், அப்போது தன்னை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. செசிலி சட்டை மாற்றிக்கொண்டே ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பதியவைத்தாள், பன்னிரண்டு திருப்பம்வரை அவன் மூச்சுவிடாமல் சொன்னான்.

அதற்குப் பிறகு வாக்கியங்கள் குறுகின. "ஸ்டெல்லாக்காவைத் திட்டாதீங்க" என்றான். "குருவி வந்துச்சு" என்றான். ஸ்டெல்லா பையிலிருந்து துணி எடுத்துத் தந்துகொண்டிருந்தவள், ஒரு திருப்பத்தில் பையைத் தூக்க முடியாமல் விட்டாள். அடுத்ததில் அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள், அதற்கடுத்ததில் தூங்கிப்போனாள். பிரிட்டோ தூங்கவில்லை. கண்ணைப் பிடிவாதமாகத் திறந்து வைத்துக்கொண்டு, இருக்கிற சொற்களைத் தேடித்தேடி எடுத்தான். "மா, மல" என்று வெளியே காட்டினான். "மா, வலி இல்ல" என்றான். பிறகு "இல்ல" என்றான். கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் அம்மா என்று மட்டும் சொன்னான், பஸ் திரும்பி முடிந்தபோது அதுவும் ஒரு சத்தமாகிவிட்டது. கண் மட்டும் அவள்மேல் இருந்தது. செசிலி சட்டையை நீக்கி இடது விலாவுக்குக் கீழே பார்த்தாள். வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு, அரை விரல் நீளம், நன்றாக ஆறியிருந்தது.

மேலே பஸ் நின்றபோது இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முதுகில் மூட்டை என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் படி இறங்கினாள். கொழுந்துக் கூடையோடு பேச்சியம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் பிரிட்டோவின் மேல் விழுந்து, அங்கேயே நின்றது.

"வந்துட்டானா?"

"அவனா வந்தான்க்கா." செசிலி போட்டோவை நீட்டினாள்.

பேச்சியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்து வாங்கினாள். பெரிய நெற்றியை ஒரு விரலால் தொட்டாள். பஸ் அடுத்த நடைக்குத் திரும்பி நின்றபோது, கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு ஏறி உட்கார்ந்தாள்.

"எத்தனை டிக்கெட்டுக்கா?" என்றார் முருகவேல்.

"போக ஒண்ணு குடுங்க. வர்றதுக்கு அவளைக் கேட்டுத்தான் சொல்லணும்."

சூசை ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்து லயன் வாசலில் எதிர்ப்பட்டான். பிள்ளையை வாங்கினான், தையல் தழும்பைத் தடவிப் பார்த்தான். "பேசினானா?" என்றான். "என்ன சொன்னான்?"

செசிலி மூட்டையை இறக்கினாள். பன்னிரண்டு நாளாக உட்காராதவள் போல வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டாம் வளைவில் சொன்ன முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாம் நம்பர் வீட்டார் வந்தார்கள், டிரைவர் வீட்டார் வந்தார்கள், லீலாம்மா சிஸ்டர் வந்து தன் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு பிரிட்டோ அப்பா மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் விடாமல் அவள் சொல்லி முடிக்கும்வரை அன்றைக்கு அந்த லயனில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.